பழைய டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள்

கைபேசியில் 4கே தரத்தில், வினாடிக்கு 60 படம் வீதம் வீடியோ எடுத்தால் நிமிடத்துக்குச் சுமார் 400 எம்பி ஆகும். ஒரு மணி நேரத்துக்கு 24 ஜிபி. பனிமய மாதா திருவிழாவுக்குத் தூத்துக்குடி வந்த சொந்தபந்தங்களில் பத்துப் பேர் ஆளுக்கு ஒரு மணி நேரம் எடுத்தால், கொடியிறக்கத்துக்குள் கால் டிபி நிறைந்துவிடும். கப்பலில் வேலை பார்க்கும் மகன் லீவில் வரும்போதெல்லாம் கொண்டுவந்து கொட்டும் படங்கள் தனிக்கணக்கு. ஸ்டூடியோக்காரர்களிடம் மட்டும் இருந்த ஒரு சின்னப் பெட்டி இப்போது வீடுகளுக்குள்ளும் வந்துகொண்டிருப்பது இதனால்தான். ரவுட்டருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும். உள்ளே இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்க் ஓடும். வீட்டில் யார் எந்த அறையிலிருந்தும் வைஃபை வழியாக அதில் போடலாம், எடுக்கலாம். கடைகளில் இதை ‘நாஸ்’ என்கிறார்கள்.

நாலு டிபி போதும் என்று வாங்கிய பெட்டி நாலைந்து வருடத்தில் நிறைந்துவிடுகிறது. பெட்டி நன்றாகத்தான் இருக்கிறது, உள்ளே இருக்கும் டிஸ்க்கை மட்டும் பெரிதாக மாற்றினால் போதும். இதைச் செய்யக் கணினிப் படிப்பு தேவையில்லை, ஒரு ஸ்க்ரூடிரைவரும் கொஞ்சம் பொறுமையும் இருந்தால் நடந்துவிடும். ஆனால் அந்தப் பெட்டியின் ஆயுளில் மிக ஆபத்தான நாட்களும் இந்த மாற்றம் நடக்கும் நாட்கள்தான். அதிலும் உப்புக்காற்று வீசும் கரையில், டிசம்பர் மழைக்கு நடுவில் வாழ்கிறவர்கள் கூடுதலாகச் சிலவற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். வெளியே எடுத்த பழைய டிஸ்க்கின் மதிப்பு அதில் முக்கியமானது.

முதலில், உள்ளே என்ன இருக்கிறது என்று பார்த்துவிடுவோம். தூத்துக்குடிக் கடலில் கடைசியாகத் தொடர்ந்து முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரை. அந்த வருடங்களுக்கு நடுவே, 1956இல், அமெரிக்காவில் ஐபிஎம் நிறுவனம் உலகின் முதல் ஹார்டு டிஸ்க்கை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இரண்டடி விட்டமுள்ள ஐம்பது தட்டுகள், ஒரு டன்னுக்குக் குறையாத எடை. கொள்ளளவு சுமார் 5 எம்பி. இன்று வாட்ஸப்பில் வரும் ஒரு காலை வணக்க வீடியோவுக்கே போதுமோ போதாதோ. அன்று முதல் அடிப்படை மாறவில்லை. சுழலும் தட்டின்மேல் காந்தப் பூச்சு, அதன்மேல் அலையும் ஒரு தலை, அவ்வளவுதான். மாறியது இடைவெளி. தலைக்கும் தட்டுக்கும் இடையே இன்று சில நானோமீட்டர்தான் இருக்கிறது. தலைமுடியின் தடிமன் ஐம்பதாயிரம் நானோமீட்டருக்கு மேல். நிமிடத்துக்கு 7,200 சுற்று சுழலும் தட்டின் விளிம்பு ஏறத்தாழ மணிக்கு 130 கிலோமீட்டர் வேகத்தில் பாய்கிறது. அந்த வேகத்தில், அந்த இடைவெளியில், ஒரு தூசிகூட உள்ளே நுழையக் கூடாது.

இங்கேதான் உப்பு வருகிறது. சாதாரண டிஸ்க்கின் மூடியில் ஒரு சிறு துளை இருக்கும். ‘இதை மூடாதே’ என்று பக்கத்திலேயே எழுதியிருப்பார்கள். உள்ளேயும் வெளியேயும் காற்றழுத்தம் சமமாக இருப்பதற்கான வழி அது. வடிகட்டி இருப்பதால் தூசி போகாது. ஈரக்காற்று மெல்லப் போகும். ஆனால் உண்மையான சேதம் பெரும்பாலும் அந்தத் துளையால் வருவதில்லை. டிஸ்க்கின் அடிவயிற்றில் வெளியே தெரியும்படி ஒரு பச்சைச் சுற்றுப்பலகை இருக்கிறதே, அதில்தான் உப்பு வேலையைக் காட்டும்.

கடல்காற்றில் வரும் உப்பு வெறும் சோடியம் குளோரைடு மட்டும் என்றால் காற்றின் ஈரப்பதம் 75 விழுக்காட்டைத் தொடும்வரை உலர்ந்தே கிடக்கும். அதற்குமேல் போனால்தான் காற்றிலுள்ள நீரை இழுத்துத் தானே கரையத் தொடங்கும். கடலுப்பில் கூடவே வரும் மக்னீசியம் குளோரைடு அப்படிப் பொறுத்திருக்காது. 33 விழுக்காட்டிலேயே நீர் விடும். சமையலறை ஜாடியில் கல்லுப்பு மழைக்காலத்தில் கசிந்து நிற்பது இதனால்தான். உப்பளத்துக்காரர்கள் உப்பை வாரிய பிறகு எஞ்சும் கசப்பு நீரைப் பாத்தியில் தங்கவிடாமல் வெளியேற்றுவதும் இந்த மக்னீசியத்தை ஒதுக்கத்தான். வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் தூத்துக்குடியின் ஈரப்பதம் 75ஐச் சர்வசாதாரணமாகத் தாண்டும். சுற்றுப்பலகையில் படிந்திருக்கும் கண்ணுக்குத் தெரியாத உப்புத் துகள் அப்போது ஒரு சொட்டு மின்கடத்தும் நீராகிறது. செம்புத் தடங்களும் இணைப்பு முனைகளும் அரிக்க ஆரம்பிக்கின்றன. உலோக அரிப்பைப் படிப்பதற்கு இந்தக் கரை எவ்வளவு தோதானது என்றால், காரைக்குடியின் மத்திய மின்வேதியியல் ஆய்வகம் தூத்துக்குடித் துறைமுகப் பகுதியில் அதற்கென்றே ஓர் ஆய்வு மையத்தை நடத்துகிறது.

ஹார்டு டிஸ்க்குக்கு வெப்பம்தான் எமன் என்று வெகுகாலம் நம்பினார்கள். 2007இல் கூகுள் தன் டேட்டா சென்டர்களிலுள்ள டிஸ்க்குகளை ஆராய்ந்து, வெப்பத்துக்கும் பழுதுக்கும் இடையே எதிர்பார்த்த அளவுக்குத் தொடர்பில்லை என்று சொன்னது. 2016இல் இன்னொரு ஆய்வு ஒன்பது பெரிய டேட்டா சென்டர்களின் தகவலை எடுத்துக்கொண்டு பார்த்தபோது, சுற்றுச்சூழல் காரணங்களில் மேலோங்கி நின்றது ஈரப்பதம். பழுதானது தட்டோ தலையோ இல்லை, டிஸ்க்கை இயக்கும் மின்னணுப் பகுதி. தூத்துக்குடியில் மின்சாதனம் பழுதுபார்க்கும் எவரைக் கேட்டாலும் ‘உப்பரிச்சிருச்சு’ என்று ஒரே சொல்லில் இதைச் சொல்லிவிடுவார்.

இதிலிருந்து நமக்கு ஒரு பயன் உண்டு. 30 டிகிரி வெப்பத்தில் 80 விழுக்காடு ஈரப்பதமுள்ள காற்றை 40 டிகிரிக்குச் சூடாக்கினால், அதிலுள்ள நீர் அப்படியே இருந்தாலும் ஈரப்பதம் 46 விழுக்காட்டுக்கு இறங்கிவிடும். சூடான காற்று அதிக நீராவியைத் தாங்கும் என்பதே காரணம். ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்க் இளஞ்சூட்டில் இருக்கிறது. தன்னைச் சுற்றியுள்ள காற்றைத் தானே உலர்த்திக்கொள்கிறது. கரண்டு மிச்சம் என்று பெட்டியை இரவெல்லாம் அணைத்துப்போட்டால் மழைக்காலத்தில் அது குளிர்ந்து ஈரத்தை வாங்கும். ஆகவே கடற்கரை ஊர்களில் ஓடவிடுவதே மேல் என்பது என் கருத்து. கடலைப் பார்த்த ஜன்னலோரத்திலும் ஏசியின் வாய்க்கு நேரேயும் வைக்காமலிருந்தால் சரி.

பெரிய டிஸ்க் வாங்குவதில் இன்னொரு லாபம் இருக்கிறது, பலர் கவனிப்பதில்லை. பொதுவாக 10, 12 டிபிக்கு மேற்பட்ட டிஸ்க்குகளில் உள்ளே காற்றே கிடையாது, ஹீலியம் அடைத்திருப்பார்கள். 2013இல் 6 டிபி டிஸ்க்கில் இந்த முறை முதன்முதலாகச் சந்தைக்கு வந்தது. ஹீலியத்தின் அடர்த்தி காற்றின் அடர்த்தியில் ஏழில் ஒரு பங்கு. தட்டுகளுக்கு அதிர்வு குறைவு, மோட்டாருக்கு உழைப்பு குறைவு, எனவே அதே உயரத்தில் அதிகத் தட்டுகளை நெருக்கி அடுக்கலாம். ஹீலியம் கசியாமலிருக்க மூடியைப் பற்றவைத்து அடைக்கிறார்கள்; துளை இல்லை. ஆக, உப்புக்காற்று தட்டுவரை போக வழியே இல்லை. வெளியே இருக்கும் சுற்றுப்பலகை மட்டும் பழையபடிதான்.

சரி, ஏன் இரண்டு டிஸ்க்? 1988இல் கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் பேட்டர்சன், கார்த் கிப்சன், ரேண்டி காட்ஸ் மூவரும் ஒரு கட்டுரை எழுதினார்கள். விலையுயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக மலிவான பல டிஸ்க்குகளைச் சேர்த்துக் கட்டினால், ஒன்று செத்தாலும் தகவல் பிழைக்கும்படி செய்யலாம் என்றார்கள். ‘ரெய்டு’ என்று இன்று சொல்லப்படுவதன் தொடக்கம் அது. இரண்டு டிஸ்க் பெட்டியில் இது எளிது: ஒன்றில் எழுதுவதையே மற்றொன்றிலும் எழுதும். மூன்றோ அதற்கு மேலோ இருந்தால் கொஞ்சம் கணக்கு. முதல் டிஸ்க்கில் 7, இரண்டாவதில் 5 என்று வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவதில் கூட்டுத்தொகை 12ஐ எழுதிவிட்டால் போதும். இரண்டாவது போனாலும் 12இல் 7ஐக் கழித்து 5ஐ மீட்டுவிடலாம். பெட்டி செய்வது கூட்டல் இல்லை, ஒற்றைப்படையா இரட்டைப்படையா என்ற சோதனை; தத்துவம் ஒன்றுதான்.

பெரிய டிஸ்க்குக்கு மாறுவது இந்த ஏற்பாட்டை வைத்துத்தான். ஒரு டிஸ்க்கை வேண்டுமென்றே உருவிவிட்டு அந்த இடத்தில் 16 டிபியைச் செருகுகிறோம். ஒரு டிஸ்க் செத்துவிட்டது என்று பெட்டி கூப்பாடு போடும். புதியதைக் காட்டி ‘இதை வைத்துச் சரிசெய்’ என்று சொன்னால், மீதமுள்ள டிஸ்க்கிலிருந்து படித்துப் புதியதில் எழுத ஆரம்பிக்கும். இதுதான் ரீபில்ட். அது முடிந்ததும் அடுத்த டிஸ்க். எல்லாம் மாற்றி முடிக்கும்வரை இடம் ஒரு எம்பிகூடக் கூடாது. தொகுப்பிலுள்ள மிகச் சிறிய டிஸ்க்கின் அளவுதான் கணக்கு. ஒன்றை மட்டும் மாற்றிவிட்டு ‘16 போட்டேன், இன்னும் 4தான் காட்டுது’ என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போகிறவர்கள் உண்டு. இரண்டையும் மாற்றிய பிறகும் கணினி சில இடங்களில் 14.55 என்றுதான் காட்டும். கம்பெனிக்காரர்கள் டிபியைப் பத்தின் அடுக்கில் எண்ணுகிறார்கள், கணினி இரண்டின் அடுக்கில் எண்ணுகிறது. யாரும் எதையும் திருடவில்லை.

ஆபத்து ரீபில்ட் ஓடும் நேரத்தில் இருக்கிறது. இரண்டு டிஸ்க் பெட்டியில் ஒன்றை உருவியதும், அந்த வீட்டின் இருபது வருடப் படங்கள் ஒரே ஒரு பழைய டிஸ்க்கை நம்பி நிற்கின்றன. அந்த டிஸ்க்கும் சும்மா நிற்கவில்லை. வருடக்கணக்காக யாரும் தொடாத மூலைமுடுக்கு உட்பட, தொடக்கம் முதல் முடிவு வரை ஒரே மூச்சில் படிக்கப்படுகிறது. அதுவரை மறைந்திருந்த பழுது வெளிப்படுவதும் அப்போதுதான். பல வீட்டு டிஸ்க்குகளின் குறிப்பேட்டில், ‘10இன் 14ஆம் அடுக்கு பிட்டுகளைப் படித்தால் ஒன்றைப் படிக்கமுடியாமல் போகலாம்’ என்று போட்டிருக்கும். கணக்குப்போட்டால் அது 12.5 டிபி. நான்கு டிபி டிஸ்க் நான்கு போட்ட பெட்டியில் ஒன்றை மாற்ற மீதி மூன்றையும், அதாவது 12 டிபியை, படித்தாக வேண்டும். இந்தக் கணக்கை வைத்து 2009க்குப் பிறகு இந்த வகை ரெய்டு வேலைக்கே ஆகாது என்று 2007இல் ராபின் ஹாரிஸ் என்பவர் எழுதியது பெரிய விவாதமானது. 2009 போய் வருடங்கள் ஆகின்றன. ரீபில்டுகள் பெரும்பாலும் நன்றாகவே முடிகின்றன. குறிப்பேட்டிலுள்ள எண் உற்பத்தியாளர் தரும் மோசமான எல்லை, நடைமுறை அதைவிட நல்லது. ஆனாலும் கத்தியின் கூர்மையை விரலில் சோதிக்க வேண்டியதில்லை.

நேரத்தையும் பாருங்கள். வினாடிக்குச் சராசரி 180 எம்பி வேகத்தில் எழுதினால் 4 டிபியை நகலெடுக்க 6 மணி நேரத்துக்கு மேல் ஆகும். இரண்டாவது டிஸ்க்குக்கு இன்னொரு 6 மணி. அதன்பின் இடத்தை விரிக்கும்போது புதிய பகுதியையும் சரிபார்க்கும் பெட்டிகள் இருக்கின்றன. 16 டிபி முழுவதையும் ஒருமுறை தொட 25 மணி நேரம் ஆகும். இதற்கிடையில் வீட்டில் யாராவது படம் பார்த்தால் இன்னும் இழுக்கும். அனல் மின் நிலையம் ஊரிலேயே இருந்தாலும் மின்தடை நம்மைக் கேட்டுவிட்டு வருவதில்லை. யூபிஎஸ் இல்லாமல் இந்த வேலையைத் தொடங்கவே கூடாது. பெட்டிக்கும் ரவுட்டருக்கும் மட்டும் என்றால் சிறிய யூபிஎஸ் போதும். அதன் யூஎஸ்பி வயரைப் பெட்டியில் செருகிவிட்டால், பேட்டரி தீருமுன் பெட்டி தானே ஒழுங்காக மூடிக்கொள்ளும்.

வாங்கும்போதே மாட்டிக்கொள்ளும் இடம் ஒன்று உண்டு. கடையில் அண்ணாச்சி இரண்டு டிஸ்க்கை எடுத்துவைத்து, ‘இதுவும் எட்டு டிபி, அதுவும் எட்டு டிபி, இது ரெண்டாயிரம் கம்மி’ என்பார். விலை குறைந்தது எஸ்எம்ஆர் வகையாக இருக்கலாம். ஓட்டு வீட்டுக் கூரையில் ஓடுகளை ஒன்றின்மேல் ஒன்று ஏறி நிற்கும்படி அடுக்குவதுபோல, இதில் தகவல் தடங்களை ஒன்றின்மேல் ஒன்று படியும்படி எழுதுகிறார்கள். அதே தட்டில் அதிகம் கொள்ளும். நடுவிலுள்ள ஓட்டை மாற்ற மேலுள்ளவற்றைக் கழற்றவேண்டியிருக்கிறதே, அதுபோல ஒரு தடத்தைத் திருத்தப் பக்கத்துத் தடங்களையும் திரும்ப எழுதவேண்டும். எப்போதாவது நகலெடுத்து வைக்க இது போதும். மணிக்கணக்கில் இடைவிடாமல் எழுதும் ரீபில்டில் மூச்சு வாங்கும். சில சமயம் நாட்கணக்காகும், சில பெட்டிகள் பொறுமையிழந்து ‘டிஸ்க் செத்துவிட்டது’ என்று தள்ளியே விடும். 2020 ஏப்ரலில் வெஸ்டர்ன் டிஜிட்டல் நிறுவனம், நாஸ் பெட்டிகளுக்கென்றே விற்ற ரெட் வரிசையில் 2 முதல் 6 டிபி வரையுள்ள சில டிஸ்க்குகள் இந்த வகை என்பதை, வாங்கியவர்கள் கண்டுபிடித்துக் கேட்ட பிறகே ஒப்புக்கொண்டது. அமெரிக்காவில் வழக்கானது. இப்போது அந்த நிறுவனம் பழைய முறையில், அதாவது சிஎம்ஆர் முறையில், எழுதும் டிஸ்க்குகளை ரெட் பிளஸ் என்று தனிப்பெயரில் விற்கிறது. அட்டைப்பெட்டியில் எழுதியிருக்காது, மாடல் எண்ணை வைத்துக் கம்பெனியின் விவரத்தாளில் ‘சிஎம்ஆர்’ என்று இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

பெட்டி அந்த டிஸ்க்கை ஏற்குமா என்பதையும் முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். பழைய 32 பிட் பெட்டிகள் பலவற்றில் ஒரு தொகுப்பு 16 டிபியைத் தாண்ட முடியாது. 2025இல் சினாலஜி நிறுவனம் தன் புதிய பெட்டிகள் சிலவற்றில் தான் அங்கீகரித்த டிஸ்க்குகளைத்தான் போடவேண்டும் என்று விதி கொண்டுவந்தது. வாடிக்கையாளர்கள் கொதித்ததும் அதே ஆண்டு பின்வாங்கியது.

எல்லாம் சரியாக இருந்தால், மாற்றும் வாரத்துக்கு முன்பே பழைய டிஸ்க்குகளை முழுதாகச் சோதித்துவிடுவது நல்லது. எல்லாப் பெட்டிகளிலும் அதற்கொரு பொத்தான் உண்டு. டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே எழுதிவைக்கும் ‘ஸ்மார்ட்’ அறிக்கையில், படிக்கமுடியாமல் ஒதுக்கப்பட்ட இடங்கள் என்ற எண்ணிக்கை பூஜ்யமாக இருக்கவேண்டும். பூஜ்யம் என்றால் நிம்மதி என்று எண்ணிவிடவும் முடியாது. முன்னே சொன்ன கூகுள் ஆய்வில், செத்துப்போன டிஸ்க்குகளில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எந்த எச்சரிக்கையும் காட்டாமலே செத்தன. எச்சரிக்கை வந்தால் அதை நம்பலாம், வரவில்லை என்பதை நம்பி இருந்துவிடக்கூடாது. உருவும்போது சீரியல் எண்ணைப் பார்த்து உருவுங்கள். பழுதான ஒன்றை விட்டுவிட்டு நல்லதை உருவியவர்களின் கதைகள் சோகமானவை.

இவ்வளவும் பெட்டிக்குள் நடக்கும் விபத்துகளைப் பற்றியது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நடந்தது வேறு. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை கொட்டியது. மாவட்டத்தில் ஓராண்டு முழுக்கப் பெய்யும் சராசரி மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் திருச்செந்தூர் ரயில் நூற்றுக்கணக்கான பயணிகளோடு நின்றுவிட்டது. தூத்துக்குடியின் தாழ்வான தெருக்களில் நாட்கணக்கில் தண்ணீர் நின்றது. அப்படி மூழ்கிய வீட்டில் பெட்டிக்குள் இரண்டு டிஸ்க் இருந்தால் என்ன, எட்டு இருந்தால் என்ன? எல்லாம் ஒரே தண்ணீரில்தான். ரெய்டு என்பது ஒரு டிஸ்க் செத்தால் வேலை நிற்காமலிருக்கச் செய்யும் ஏற்பாடு. வெள்ளம், தீ, திருட்டு, தவறுதலாக அழிப்பது, இவற்றில் எதற்கும் அது உதவாது. அழித்தால் இரண்டு டிஸ்க்கிலும் ஒரே நொடியில் அழியும். 2022 ஜனவரியில் டெட்போல்ட் என்ற கொள்ளை மென்பொருள் க்யூநாப் பெட்டிகளுக்குள் இணையம் வழியே புகுந்து கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்டபோதும் அப்படியே.

மூழ்கிய டிஸ்க்கை வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அதற்கு மின்சாரம் கொடுக்காதீர்கள், ஹேர் டிரையரால் உலர்த்தவும் வேண்டாம். ஈரத்தோடு பிளாஸ்டிக் பையில் இறுக்கி மூடி, தகவல் மீட்கும் நிபுணர்களிடம் கொடுங்கள். உலர்ந்தால் நீரிலுள்ள உப்பும் சேறும் தட்டில் ஒட்டிக் காய்ந்துவிடும். தட்டு நாம் நினைப்பதைவிடக் கெட்டியானது. 2003இல் வானத்தில் சிதறிய கொலம்பியா விண்கலத்தின் சிதைவுகளோடு கிடைத்த ஒரு டிஸ்க்கிலிருந்து 99 விழுக்காடு தகவலை மீட்டார்கள். ஆனால் விண்கலத்துக்குச் செலவழித்ததை நம் கல்யாண வீடியோவுக்கு யார் செலவழிப்பார்?

நகல் வேறு ஊரில் இருந்தால் இந்தச் செலவே இல்லை. இதற்குத் தூத்துக்குடிக் கரையிலேயே ஒரு பழைய சாட்சி இருக்கிறது. போர்த்துகீசியப் பாதிரியார் ஹென்றிக்கே ஹென்றிக்கஸ் முத்துக்குளித்துறை மக்களுக்காக எழுதிய ‘அடியார் வரலாறு’ 1586இல் புன்னைக்காயலில் அச்சானதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அச்சான மண்ணில் ஒரு பிரதியும் நிற்கவில்லை. கறையான், கடல் ஈரம், சண்டைகள் என்று எத்தனையோ. பல நூற்றாண்டு கழித்துத் தனிநாயகம் அடிகள் அந்த நூலைத் தேடிக் கண்டது எங்கோ தொலைவில், வாடிகன் நூலகத்தில். ராசமாணிக்கம் அடிகள் அதைப் பதிப்பித்து, 1967இல் தூத்துக்குடித் தமிழ் இலக்கியக் கழக வெளியீடாக அது ஊருக்குத் திரும்பி வந்தது. புன்னைக்காயலிலேயே இன்னும் நூறு பிரதி அடித்து வைத்திருந்தாலும் நூல் பிழைத்திருக்குமா என்பது சந்தேகம்.

மூன்று நகல், இரண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில் என்று ஒரு விதி புழக்கத்தில் இருக்கிறது. அதைப் பரப்பிய பீட்டர் க்ரோ ஒரு புகைப்படக் கலைஞர் என்பது பொருத்தம்தான். நம் வீடுகளில் முதல் இரண்டுக்குப் பெரிதாகக் கஷ்டமில்லை, மூன்றாவதைத்தான் தள்ளிப்போடுகிறோம். கிளவுடில் ஏற்றலாம் என்றால், 50 எம்பிபிஎஸ் அப்லோடு உள்ள வீட்டில் 4 டிபி ஏற இரவுபகலாக ஏழு நாளுக்கு மேல் ஆகும். மாத வாடகை வேறு. பழைய டிஸ்க்கைப் பையில் போட்டுக் கோவில்பட்டி மாமா வீட்டுக்கு பஸ் ஏறினால் ஒன்றரை மணி நேரத்தில் 4 டிபி அங்கே இருக்கும். வகுத்துப் பார்த்தால் வினாடிக்கு 740 எம்பி. நம் ஊர் வீட்டு இணைப்பு எதுவும் கிட்ட வராது. அதன்பிறகு அன்றாடம் சேரும் புதிய படங்களை மட்டும் இரவில் இணையம் வழியே ஓரிடத்துக்கு அனுப்பிக்கொள்ளலாம்.

ஆனால் உருவிய டிஸ்க்கை உருவியபடியே கொடுத்தனுப்புவதில் ஒரு சிக்கல். இரண்டு டிஸ்க் பெட்டியில் ஒன்றின் நகல் மற்றொன்று என்பதால், உருவிய ஒவ்வொன்றிலும் எல்லாத் தகவலும் முழுதாக இருக்கும். மூன்று, நான்கு டிஸ்க் பெட்டியில் அப்படியில்லை. தனியாக ஒன்றை எடுத்தால் அதில் 7 இருக்கும், 5 இருக்கும், 12 இருக்கும், படம் இருக்காது. அவற்றை வேறு வேறு நாளில் உருவியிருந்தால், எல்லாவற்றையும் திரும்பச் சேர்த்தாலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அதனால் ரீபில்ட் முடிந்து, இடமும் விரிந்து, ஒரு வாரம் தொந்தரவில்லாமல் ஓடும்வரை பழையவை எதையும் அழிக்காமல், எதை எப்போது உருவினோம் என்று மேலே எழுதி வையுங்கள். அந்த ஒரு வாரம் கழித்து ஒவ்வொன்றையும் சாதாரண யூஎஸ்பி உறையில் போட்டு, புதிதாக ஃபார்மேட் செய்து, கடவுச்சொல் போட்டுப் பூட்டி, பெட்டியிலுள்ளதைக் கோப்புகளாகவே அதில் நகலெடுங்கள். மாமா வீட்டு பீரோதான் என்றாலும் பூட்டு வேண்டும். பீரோவோடு யாராவது தூக்கிக்கொண்டு போனால் நம் வீட்டு ஆதார், பத்திரம் எல்லாம் அதில்தான் இருக்கிறது. கடவுச்சொல்லை டிஸ்க்கோடு ஒட்டி அனுப்பாமல், வீட்டில் இன்னொருவருக்கும் தெரியும்படி காகிதத்தில் எழுதி வையுங்கள். சிலிக்கா ஜெல் பாக்கெட் இரண்டைப் போட்டு மூடிய டப்பாவில் வைத்தால் ஈரம் அண்டாது.

வருடத்துக்கு இருமுறை கோவில்பட்டிக்கு எப்படியும் ஒரு விசேஷம் வரும். போகும்போது அந்த டிஸ்க்கை மடிக்கணினியில் செருகி, ஏதாவதொரு பழைய வீடியோவைத் திறந்து நடுப்பகுதியை ஓடவிட்டுப் பாருங்கள். கோப்புகளாக நகலெடுக்காமல், பெட்டியிலிருந்து உருவிய டிஸ்க்கையே அனுப்பியிருந்தீர்கள் என்றால், விண்டோஸ் அதைப் படிக்கத் தெரியாமல் ‘இதை ஃபார்மேட் செய்யட்டுமா?’ என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, லினக்ஸ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்.